கேள்வி கேக்குற புள்ளைங்க வாய அடைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பரீட்சை முடியப் போகுது, லீவு வரப்போகுது, அதனால உங்க பேப்பரோட ஞாயித்துக்கிழமை இணைப்புல இப்ப ரெண்டு பக்கத்துக்கு சம்மர் கேம்ப் விளம்பரமா வருது. பேச்சுப் பயிற்சி, பர்சனாலிட்டி டெவலப்மென்ட், குழந்தைகளுக்கு தன்னம்பிக்கை வளர்க்க பத்து நாள் வகுப்புன்னு என்னென்னவோ போட்டிருக்காங்க. அனுப்புறவங்க அனுப்பட்டும், நாலு புள்ளைங்களோட சேர்ந்து இருந்தா நல்லதுதான், அதுல எனக்கு ஒண்ணும் சண்டை இல்ல. ஆனா தன்னம்பிக்கை பத்து நாள் கிளாஸ்ல வர்ற விஷயம்னு அம்மா அப்பாக்கள் நினைச்சுடக் கூடாதேன்னு மனசு அடிச்சுக்குது, அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் ரிட்டயர்டு அங்கன்வாடி டீச்சர். லால்குடி பக்கம் கிராமத்துல ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களோடவே காலம் போச்சு. ஊர்ல பல பேருக்கு அங்கன்வாடின்னா சத்துமாவும் முட்டையும் குடுக்குற இடம், புள்ளைய விட்டுட்டு வேலைக்குப் போற இடம், அவ்வளவுதான். ஆனா ஒரு புள்ள உலகத்தப் பாத்து மொத மொதல்ல "ஏன்"னு கேக்குற வயசு இருக்கே, அந்த வயசு முழுசும் எங்க கண்ணு முன்னாடிதான் நடக்கும். எறும்பு ஏன் வரிசையா போகுது, நிலா ஏன் நம்ம கூடவே வருது, முட்டைய வேக வச்சா ஏன் கெட்டியாகுது, அப்பளம் ஏன் பொங்குது, செத்துப்போன தாத்தாவுக்கு பசிக்குமா... ஒரு நாளைக்கு இத்தனைன்னு எண்ண முடியாது. அதே புள்ளைங்க மூணாவது நாலாவது போனப்புறம் ரோட்ல பாக்குறேன், "என்னடா தம்பி, ஸ்கூல்ல என்ன நடந்துச்சு"ன்னு கேட்டா "ஒண்ணுமில்ல டீச்சர்"னு தரையப் பாத்துட்டு போகுது. எல்லா புள்ளையும் இப்படி ஆகுதுன்னு சொல்லல. ஆனா நிறைய புள்ளைங்க ஆகுது, அது எனக்கு ரொம்ப வலிக்கும். அஞ்சு வயசுக்கும் ஒம்போது வயசுக்கும் நடுவுல அந்தக் கேள்வியெல்லாம் எங்க போச்சு?

எங்கயும் தானா போகல, நாமதான் வெரட்டி விட்டோம். "சும்மா இரு", "அதிகப்பிரசங்கித்தனமா பேசாத", "பெரியவங்க பேசும்போது என்ன நடுவுல", "வாய் நீளுது பாரு". இதெல்லாம் யாரும் கெட்ட எண்ணத்துல சொல்றதில்ல. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு சமைச்சு வச்சுட்டு நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போயிட்டு வர்ற அம்மாகிட்ட ராத்திரி எட்டு மணிக்கு அப்பளம் ஏன் பொங்குதுன்னு கேட்டா அவங்க என்ன பண்ணுவாங்க. எனக்கு அது புரியுது. அதனால அவங்கள திட்றதுக்கு இந்த லெட்டர் இல்ல. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், புள்ள கேக்குற கேள்விக்கு உடனே பதில் தெரிஞ்சிருக்கணும்னு எந்த அவசியமும் இல்ல, "எனக்கும் தெரியலையே, வா பாப்போம்"னு சொன்னா போதும், அப்புறம் நெசமாவே பாக்கணும். தன்னம்பிக்கைங்கிறது அந்த "பாப்போம்"ல இருந்து வர்றதுதான். தானா ஒண்ண கண்டுபிடிச்ச புள்ளைக்கு பேச்சுப் பயிற்சி தனியா தேவைப்படாது, சொல்றதுக்கு விஷயம் இருக்கும்போது அது தானா பேசும்.

எங்க சென்டர்ல நடந்தத சொல்றேன். கொட்டாங்குச்சில மண்ணு போட்டு ஆளுக்கு ஒரு மொச்சக்கொட்ட நட்டோம். எல்லா புள்ளையும் தண்ணி ஊத்திட்டு போயிடுச்சு, ஒரு பொண்ணு மட்டும், நாலு வயசு இருக்கும், தெனமும் காலைல வந்த உடனே மண்ணத் தோண்டி கொட்டைய எடுத்துப் பாத்துட்டு திரும்ப புதைக்குது. ஆயாவுக்கு கோவம், "இப்படி தோண்டினா எப்படிடி மொளைக்கும்"னு. ஆயா சொன்னதும் சரிதான். ஆனா அந்தப் புள்ள குறும்பு பண்ணல, உள்ள என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியணும், மண்ணு மறைக்குது. அதனால ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்து ஓரத்துல ஈரப் பஞ்ச வச்சு, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ரெண்டு கொட்டைய சொருகி ஜன்னல்ல வச்சுட்டோம். இப்ப தோண்டாமலே பாக்கலாம். அது என்ன பண்ணுச்சு தெரியுமா, கொட்டைய ஒண்ண நேரா ஒண்ண தலைகீழா வைக்கச் சொல்லுச்சு. நான் ஏன்னு கேக்கல, வச்சேன். ரெண்டு மூணு நாள்ல வெள்ளையா வேர் எட்டிப் பாத்துச்சு, தலைகீழா இருந்த கொட்டையோட வேர் மேல பாத்து கெளம்பி அப்படியே வளைஞ்சு கீழ எறங்குச்சு! அந்தப் புள்ள முகத்த நீங்க பாத்திருக்கணும். அந்த வாரம் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா கைய புடிச்சு ஜன்னல் கிட்ட இழுத்துட்டுப் போய், "வேருதான் மொதல்ல வரும், அதுக்கு கீழ எதுன்னு தெரியும்"னு சொல்லுச்சு. ஊசி போடுறவங்கள பாத்தா ஓடி ஒளியுற புள்ள அது. ஊசி பயம் போயிடுச்சான்னா இல்ல, ஊசி போடும்போது அழுதுச்சு. ஆனா தனக்குத் தெரிஞ்சத ஒரு பெரியவங்களுக்கு சொல்றதுக்கு அதுக்கு பயமே இல்ல.

வீட்டுக்கு விருந்தாளி வந்தா நாம என்ன பண்றோம்னு பாருங்க. "அங்கிளுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு", "அத்தைக்கு ஏபிசிடி சொல்லு", "திருக்குறள் சொல்லு". புள்ள வெக்கப்பட்டு அம்மா முந்தானைக்குள்ள போனா, "நல்லா சொல்லுவா, இன்னைக்கு என்னமோ ஆயிடுச்சு"ன்னு நமக்கு அவமானமா போகுது. மனப்பாடம் பண்ணத ஒப்பிக்கச் சொல்றதுக்கும் தன்னம்பிக்கைக்கும் சம்பந்தம் ரொம்ப கம்மி. அதே புள்ளகிட்ட அந்த அங்கிள் உக்காந்து "நீ வரைஞ்சிருக்கியே இது என்னது, இந்த மாட்டுக்கு ஏன் அஞ்சு காலு"ன்னு கேக்கட்டும், அரை மணி நேரம் பேசும். அஞ்சாவது காலு வாலா இருக்கும், இல்ல மாடு ஓடுதுங்கிறத காட்டுறதுக்கு போட்டிருக்கும். காரணம் இல்லாம புள்ளைங்க எதையும் போடாது.

அப்புறம் பாராட்டுறது. இதப் பத்தி என் மக சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவ கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர், பி.எட். படிக்கும்போது படிச்சத எங்கிட்ட சொல்லுவா. அமெரிக்கால கரோல் ட்வெக்னு ஒரு மனவியல் பேராசிரியர், இன்னொருத்தரோட சேர்ந்து அஞ்சாங்கிளாஸ் புள்ளைங்கள வச்சு பண்ணின ஆராய்ச்சி 1998ல வந்துச்சாம். ஒரு புதிர் குடுத்து, போட்டு முடிச்சதும் ஒரு கூட்டத்துக்கு "நீ ரொம்ப புத்திசாலி"ன்னு சொல்லியிருக்காங்க, இன்னொரு கூட்டத்துக்கு "நல்லா முயற்சி பண்ணியிருக்க"ன்னு சொல்லியிருக்காங்க. அடுத்தது எது வேணும்னு கேட்டப்ப புத்திசாலின்னு பேர் வாங்கின புள்ளைங்கள்ல நிறைய பேரு சுலபமானத எடுத்துக்கிச்சாம், முயற்சிக்கு பாராட்டு வாங்கினது கஷ்டமானத எடுத்துக்கிச்சாம். கஷ்டமான புதிர்ல தோத்தப்புறம் திரும்ப சுலபமானத குடுத்தா, புத்திசாலி கூட்டம் மொதல்ல போட்டத விட மோசமா போட்டுச்சாம். மார்க்க எழுதச் சொன்னா பொய்யா கூட்டி எழுதினதும் அந்தக் கூட்டத்துலதான் அதிகம். எனக்கு இத கேட்டு தூக்கிவாரிப் போட்டுச்சு, ஏன்னா நம்ம வீட்டுல எல்லாம் "என் பேத்தி கெட்டிக்காரி", "இவன் கணக்குல புலி"ன்னு பாசத்துலதான் சொல்றோம். அந்தப் பேர காப்பாத்துறதுக்காக அது தெரியாத கணக்கு பக்கமே போகாது, தப்பு வந்துடுமேன்னு கையே தூக்காது. கெட்டிக்காரின்னு சொல்லவே கூடாதான்னு கேக்காதீங்க, சொல்லுங்க, ஆனா அதோட "இத எப்படி போட்ட, எனக்கு காட்டு"ன்னும் கேளுங்க.

கையே தூக்காதுன்னு சொன்னேன்ல, அதுல டீச்சர்மாருக்கும் ஒண்ணு இருக்கு. மேரி பட் ரோவ்னு ஒரு கல்வி ஆராய்ச்சியாளர், அவங்களும் அமெரிக்காதான், 1970கள்லயே டேப் ரெக்கார்டர் வச்சு கிளாஸ்ரூம்ல நடக்குறத பதிவு பண்ணி கேட்டிருக்காங்க. டீச்சர் கேள்வி கேட்டுட்டு பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்காங்கன்னு பாத்தா சராசரியா ஒரு செகண்டுதானாம்! ஒரு செகண்டுல பதில் வரலன்னா அடுத்த புள்ள, இல்லன்னா டீச்சரே பதில் சொல்லிடுறது. அதையே மூணு செகண்ட் காத்திருக்கச் சொல்லி பழக்கினப்ப, புள்ளைங்க சொல்ற பதில் நீளமாச்சு, வழக்கமா பேசாத புள்ளைங்க பேச ஆரம்பிச்சுச்சு, புள்ளைங்களே எதிர்க் கேள்வி கேக்குறதும் அதிகமாச்சு. இதுக்கு பணம் வேண்டாம், ஸ்மார்ட் போர்டு வேண்டாம், சர்க்குலர் வேண்டாம். மூணு செகண்ட். என் மக மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுவாளாம், மொதல்ல அந்த அமைதி அவளுக்கே சங்கடமா இருந்துச்சாம், இப்ப கடைசி பெஞ்சுல இருந்தும் பதில் வருதுன்னு சொல்றா.

"தெரியல, வா பாப்போம்"னு சொன்னா என்ன நடக்கும்ங்கிறதுக்கு பெரிய ஆளுங்க வாழ்க்கையில இருந்து எனக்கு ரொம்பப் புடிச்சது சலீம் அலி கதை. பறவை மனிதர்னு சொல்லுவோமே, நம்ம கோயம்புத்தூர் ஆனைகட்டில அவர் பேர்ல ஆராய்ச்சி மையம் இருக்கு. 1896ல பிறந்தவர், சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்துட்டார், பம்பாயில மாமா வீட்டுலதான் வளர்ந்தார். ஏர்கன் வச்சு குருவி சுடுறதுதான் விளையாட்டு. ஒரு நாள் சுட்ட குருவிக்கு கழுத்துல மஞ்சளா ஒரு திட்டு இருந்துச்சு. மாமாகிட்ட கொண்டு போய் இது என்ன குருவின்னு கேட்டார். மாமாவுக்குத் தெரியல. இங்கதான் பாருங்க, அந்த மாமா "குருவிதான் போடா"ன்னு சொல்லிட்டு போயிருக்கலாம்ல? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு லெட்டர் குடுத்து அந்தப் பையன அனுப்பி வச்சார். அங்க செயலாளரா இருந்தவர் மில்லார்டுன்னு ஒரு வெள்ளைக்காரர். சின்னப் பையன், கையில பொட்டலத்துல செத்த குருவி, பயந்து பயந்து போயிருக்கான். அவர் அது மஞ்சள்கழுத்துச் சிட்டுன்னு பேர் சொன்னதோட விடல, அலமாரி டிராயர ஒவ்வொண்ணா இழுத்து பதப்படுத்தி வச்சிருந்த பறவைகள வரிசையா காட்டினார், புத்தகம் குடுத்தார், பதப்படுத்துறதுக்கும் கத்துக்க ஏற்பாடு பண்ணினார். பின்னாடி இதே சலீம் அலி வேலை இல்லாம கடலோர கிராமத்துல இருந்தப்ப வீட்டுப் பக்கத்துல கூடு கட்டுற தூக்கணாங்குருவிய மாசக்கணக்குல உக்காந்து பாத்து எழுதினது 1930கள் தொடக்கத்துல வந்து பேர் வாங்கிக் குடுத்துச்சு. ஆண் குருவி பாதி கூடு கட்டிட்டு காத்திருக்கும், பெண் குருவி வந்து பாத்து அதுக்கு புடிச்சிருந்தாதான் ஆண் மீதிய கட்டும், பெண் குடியேறினதும் ஆண் அடுத்த கூடு ஆரம்பிச்சுடும். நம்ம ஊர் ஈச்ச மரத்துலயும் பனை மரத்துலயும் கிணத்து மேட்டுலயும் தொங்குற அதே தூக்கணாங்குருவிதான், யாரு வேணா பாக்கலாம். எத்தனை வீட்டுல அப்படி ஒரு மாமா இருக்கார்?

இப்ப உடனே செய்யக்கூடியது ஒண்ணு சொல்றேன், ஏப்ரல் வருதுல்ல. நிழலில்லா நாள்னு ஒண்ணு உண்டு. தெனமும் உச்சி வெயில் நேரம் சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல இருக்குன்னுதான் பெரியவங்களே நிறைய பேர் நினைச்சுட்டு இருக்கோம், அது உண்மை இல்ல. நம்ம ஊர்ல வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு நாள்தான் சூரியன் சரியா தலைக்கு மேல வரும், அந்த நேரத்துல நேரா நிக்கிற எதுக்கும் பக்கத்துல நிழல் விழாது. கன்னியாகுமரில ஏப்ரல் 10, 11 வாக்குல, திருச்சி தஞ்சாவூர் பக்கம் 18 வாக்குல, சென்னையில 24 வாக்குல, இப்படி தெற்குல இருந்து வடக்கா ஒவ்வொரு ஊரா நகர்ந்துட்டே போகும், திரும்ப ஆகஸ்ட்ல வடக்குல இருந்து தெற்கா எறங்கி வரும். டெல்லில இருக்குற புள்ளைக்கு இது ஒரு நாள் கூட கிடையாது, கடக ரேகைக்கு மேல இருக்குறதால. நமக்கு கிடைச்சிருக்கு, நாம பாக்குறதில்ல.

எங்க வீட்டு மொட்டை மாடில என் பேரனும் தெருப் புள்ளைங்களும் சேர்ந்து பண்ணினாங்க. ஒரு துண்டு பிவிசி பைப்ப நேரா நிக்க வச்சு (நேரா நிக்குதான்னு பாக்க கொத்தனார் வீட்டுப் பையன் அவங்கப்பா தூக்குக்குண்ட எடுத்துட்டு வந்தான், அவனுக்கு அன்னைக்கு இருந்த பெருமைய சொல்லி முடியாது) பத்து மணில இருந்து நிழலோட நுனில சாக்பீஸ்ல புள்ளி வச்சுட்டே வந்தாங்க. நிழல் குட்டையாகிட்டே வருது, பன்னெண்டு மணி ஆச்சு, இன்னும் கொஞ்சம் நிழல் இருக்கு. "அம்மாச்சி, தப்பாயிடுச்சு, பன்னெண்டு மணிக்கு போகலையே"ன்னு பேரன் முகம் சுண்டிப் போச்சு. இருடா பாப்போம்னு சொன்னேன். பன்னெண்டே கால் வாக்குல நிழல் பைப்புக்கு அடியிலயே போய் ஒளிஞ்சுக்கிச்சு, பைப் ஓட்டை வழியா வெயில் அப்படியே தரையில வட்டமா விழுது. ஏன் கால் மணி நேரம் லேட்டுன்னு சண்டையே வந்துச்சு, கடிகாரம் தப்புன்னு ஒருத்தன், சூரியன் தப்புன்னு ஒருத்தி. சாயங்காலம் என் மக அட்லஸ் எடுத்து அவங்க முன்னாடி போட்டுட்டு "நம்ம கடிகாரத்துக்கு மணி எந்த ஊர வச்சு முடிவு பண்றாங்கன்னு தேடுங்க"ன்னு மட்டும் சொன்னா. நம்ம நாட்டு மணிய முடிவு பண்ற எண்பத்திரண்டரை டிகிரி தீர்க்கரேகைக் கோடு அலகாபாத் பக்கம் மிர்சாபூர் கிட்ட போகுது, நாம அதுக்கு மேற்கால கிட்டத்தட்ட மூணே முக்கால் டிகிரி தள்ளி இருக்கோம், ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம், கணக்கு போட்டா பதினஞ்சு நிமிஷம் வருது. அந்தக் கணக்க போட்டது கணக்குல எப்பவும் கம்மி மார்க் எடுக்குற பொண்ணு. புத்தகத்துல இதே கணக்கு வந்தப்ப அவளுக்கு புரியலையாம், மாடில புரிஞ்சுச்சு.

2019 டிசம்பர் 26ல வளைய சூரிய கிரகணம் வந்துச்சே ஞாபகம் இருக்கா, கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைன்னு நம்ம தலை மேலயே போச்சு. அரையாண்டு லீவு வேற. எங்க ஊர்ல பாதி வீட்டுல கதவ சாத்தி புள்ளைங்கள உள்ள வச்சுட்டாங்க. சூரியன வெறுங்கண்ணால பாக்கக் கூடாதுங்கிறது நூத்துக்கு நூறு சரி, கண்ணு போயிடும். அதுக்கு கதவ சாத்தணும்னு இல்லையே, போஸ்ட் கார்டுல குண்டூசியால ஒரு ஓட்டை போட்டு சுவத்துல பிம்பத்த விழ வச்சு பாக்கலாம், வேப்ப மரத்து இலை சந்துல விழுற வெளிச்சமெல்லாம் குட்டி குட்டி பிறையா சுவரு பூரா விழும், அதப் பாக்கலாம். வெளில வந்த புள்ளைங்க பாத்துச்சு, உள்ள இருந்த புள்ளைங்க டிவில பாத்துச்சு. அடுத்து 2031 மே 21ல மதுரை பக்கமா இன்னொரு வளைய கிரகணம் போகப் போகுது. இன்னைக்கு அங்கன்வாடில இருக்குற புள்ளைக்கு அப்ப துறுதுறுன்னு இருக்குற வயசு. அப்பவாவது கதவ தெறந்து விடுங்க.

பொம்பளப் புள்ளைங்களப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். பன்னெண்டு பதிமூணு வயசு வரைக்கும் பையன விட அதிகமா கேள்வி கேக்குற பொண்ணு வயசுக்கு வந்ததும் அடங்கிடுறா, அடங்குறான்னு சொல்றது தப்பு, அடக்கிடுறோம். உக்காருறது, சிரிக்கிறது, சைக்கிள்ல போறதுன்னு எல்லாத்துக்கும் அளவு வருது, அதோட சேர்ந்து கேள்வியும் நின்னுடுது. எங்க பக்கத்து புதுக்கோட்டையில 1886ல பிறந்த முத்துலட்சுமி ரெட்டிக்கு வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்னுச்சு, ஆனா அவங்கப்பா வீட்டுலயே படிக்க வச்சார், மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணி மகாராஜா கல்லூரில ஆம்பளப் பசங்களுக்கு நடுவுல சேர்ந்தாங்க, ஊரே எதிர்த்துச்சு, மகாராஜா அனுமதி குடுத்தார். 1912ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டரா வெளிய வந்தாங்க, அப்புறம் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி வந்தது அவங்களாலதான். அந்தக் காலத்துலயே ஒரு அப்பாவால முடிஞ்சிருக்கு. இன்னைக்கு பஸ் பாஸ் இருக்கு, சைக்கிள் இருக்கு, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா வருது, ஆனா வீட்டுல "நீ என்னடி நெனக்கிற"ன்னு ஒரு வார்த்தை கேக்குறதுக்கு ஆளு இல்ல.

செல்போன் பத்தி எல்லாரும் பேசுறாங்க, நான் நீட்டல. புள்ள கேட்ட உடனே போன எடுத்து தேடி பதில காட்டுறது ஒரு வகையில வாய அடைக்கிற மாதிரியேதான் முடியுது, யோசிக்கிறதுக்குள்ள பதில் வந்துடுது. மொதல்ல "நீ என்ன நெனக்கிற"ன்னு கேட்டு அது சொல்றத கேட்டுட்டு அப்புறம் போன எடுங்க. அப்பளம் பொங்குறத ஸ்லோமோஷன்ல வீடியோ எடுத்துப் பாக்க போனு மாதிரி நல்ல சாமான் கிடையாது.

நேரமே இல்லாத அம்மாக்களுக்கு எங்க ஊர்ல நாங்க பழக்கினது ஒண்ணு இருக்கு. தெனசரி காலண்டர்ல கிழிக்கிற தாள் இருக்குல்ல, அதோட பின்பக்கம் வெறுமையாதான் இருக்கும். ராத்திரி புள்ள கேக்குற கேள்விய அதுல எழுதி ஆணில குத்தி வைங்க, எழுதத் தெரிஞ்ச புள்ளைன்னா அதுவே எழுதட்டும். ஞாயித்துக்கிழமை அதுல ஒண்ண எடுத்து பாருங்க. எல்லாத்தையும் பாக்க முடியாது, பரவால்ல. தான் கேட்டத வீட்டுல ஒருத்தர் எழுதி வச்சாங்கங்கிறதே புள்ளைக்கு பெருசு. அதே மாதிரி வீட்டு வேலைல அதுக்குன்னு ஒண்ண விட்டுடுங்க, அண்ணாச்சி கடைக்கு காசு குடுத்து அனுப்பி மீதிய எண்ணி வாங்கிட்டு வரச் சொல்றது, தோசை ஊத்துறது, செடிக்கு தண்ணி ஊத்துறது. மொத தோசை பிஞ்சுதான் வரும், வாங்கி சாப்பிடுங்க, கரண்டிய புடுங்காதீங்க.

அரசாங்கமும் ஒண்ணும் பண்ணலன்னு சொல்ல முடியாது. 2003ல சென்னை மாநகராட்சி பள்ளிகள்ல ஆரம்பிச்சு அப்புறம் மாநிலம் பூரா கொண்டு வந்த செயல்வழிக் கற்றல்ல, புள்ளைங்க தரையில வட்டமா உக்காந்து அட்டைய அதுங்களே எடுத்து படிச்சுச்சு, சுவத்துல அதுங்க உசரத்துக்கு தாழ்வா கரும்பலகை இருந்துச்சு, ஒவ்வொரு புள்ளைக்கும் அதுல ஒரு இடம். கரும்பலகை டீச்சரோடது மட்டும் இல்லன்னு ஒரு ஆறு வயசுப் புள்ளைக்கு தெரிஞ்சதே பெரிய விஷயம். இப்ப சின்ன கிளாஸ் புள்ளைங்களுக்கு எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் இருக்கு, 2022ல எங்க திருச்சிலதான் வானவில் மன்றம்னு ஆறுல இருந்து எட்டு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு பரிசோதனை செஞ்சு காட்டுற திட்டத்த ஆரம்பிச்சாங்க. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987ல இருந்து துளிர்னு புள்ளைங்களுக்கு அறிவியல் மாத இதழ் கொண்டு வருது. பள்ளிக் கல்வித் துறை ஊஞ்சல், தேன்சிட்டுன்னு இதழ் போடுது. இதெல்லாம் இருந்தும் ஆண்டு விழாவுல மார்க் எடுத்த புள்ளைக்குதான் மேடை, நல்ல கேள்வி கேட்ட புள்ளைக்கு ஒரு பென்சில் கூட கிடையாது. புள்ளைங்கள அடிக்கக் கூடாது, மனசு நோகப் பேசக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே 17வது பிரிவு சொல்லுது. "இது கூட தெரியாதா, எருமை"ன்னு நாப்பது புள்ளைங்க முன்னாடி சொல்றதும் அதுக்குள்ள வர்றதுதான்னு எல்லா ஸ்கூல்லயும் யாராவது ஞாபகப்படுத்தினா நல்லா இருக்கும்.

ஐயா, கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள், இதுக்காகத்தான் முக்கியமா எழுதினேன். உங்க சிறுவர் இணைப்புல கேள்வி பதில் பகுதி வருது, நல்லா இருக்கு, ஆனா கேள்விக்கு கீழயே பதிலும் வந்துடுது. ஏப்ரல் மே ரெண்டு மாசத்துக்கு மட்டும், வாரம் ஒரு புள்ளையோட கேள்விய பேரு, கிளாசு, ஊரு போட்டு பதில் இல்லாம அச்சடிங்க. எறும்பு மழைக்கு முன்னாடி முட்டைய தூக்கிட்டு எங்க போகுது, எங்க ஊர்ல எந்த மரத்துல தூக்கணாங்குருவி கூடு அதிகம், பானைத் தண்ணி எந்த நேரத்துல ரொம்ப ஜில்லுனு இருக்கு, இப்படி புள்ளைங்களே பாத்து சொல்லக்கூடிய கேள்வியா எடுங்க. மத்த ஊர் புள்ளைங்க பாத்து எழுதி அனுப்பட்டும், தப்பா இருந்தாலும் எப்படி பாத்தாங்கன்னு எழுதியிருந்தா போடுங்க, அடுத்த மாசம் விஷயம் தெரிஞ்ச ஒருத்தர வச்சு அந்த லெட்டருக்கெல்லாம் மரியாதையா பதில் எழுத வைங்க. மொத வாரத்துக்கு நிழலில்லா நாளையே எடுக்கலாம், ஒவ்வொரு ஊர்லயும் நிழல் எந்தத் தேதில, எத்தனை மணிக்கு மறைஞ்சுச்சுன்னு புள்ளைங்க அனுப்புற தேதியையும் நேரத்தையும் ஒரு தமிழ்நாடு படத்துல போட்டீங்கன்னா, சூரியன் தெற்குல இருந்து வடக்க நகர்றத புள்ளைங்களே அளந்து காட்டின மாதிரி இருக்கும். நாகர்கோவில் புள்ளைங்களுக்கு ஏப்ரல் 10க்கு முன்னாடியே தெரியணும், அதனால இந்த மாசக் கடைசி இணைப்புலயே அறிவிப்பு வந்தா நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடி டீச்சர்,
லால்குடி வட்டம், திருச்சி மாவட்டம்.